இருக்கை ஓய்வில் உள்ளது

அந்த ஊரில் மழை எப்போது வேண்டுமானாலும் பெய்துகொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் மழைக்காலம் என்பது நகரமன்றத் தலைவர் தொடங்கி வைத்த பிறகுதான் தொடங்கும். அந்த வருடம் தொடக்க விழாவுக்கு நான்கு நாள் முன்பே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பள்ளத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மன்றம் கலங்கவில்லை. "இது முன்னோட்ட மழை. பொதுமக்கள் இதை மழையாகக் கருத வேண்டாம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஒரு வண்டி தெருத்தெருவாக நீந்தியது. குறித்த நாளில் தலைவர் ரிப்பன் வெட்டினார், உதவியாளர் குடை பிடித்தார். அன்றைக்குப் பார்த்து வெயில் மண்டையைப் பிளந்தது. தலைவர் குடைக்குள் நின்றபடியே படம் எடுத்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் பருவச் செய்தி மடலில் வரும். வருடத்துக்கு நான்கு மடல், வழவழ காகிதத்தில், வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். உதிர்ந்த இலைகளை மன்றம் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வாரும். மரம் வைத்திருப்பவர்கள் ஒத்துழைக்க வேண்டும். சாக்கடைகள் தூர் வாரப்பட்டுவிட்டன. வாரிய தூர் பொதுமக்களின் பார்வைக்காகச் சாக்கடை ஓரத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. அடுத்த மழையில் அந்தத் தூர் வந்த வழியே உள்ளே போய்விடும், அதற்கடுத்த மடலில் மறுபடியும் வாரப்படும். ஊர் இதற்குப் பழகிப்போயிருந்தது.

அந்த மழைக்கால மடலின் மூன்றாம் பக்கத்தில்தான் கண்ணாடிக்காரருக்கு இடி விழுந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடி செய்கிறவர். கடைத்தெரு முனையில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. ஊரில் பாதிப் பேருடைய பவர் அவருக்கு மனப்பாடம். ஆளைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் நம்பர்தான் நினைவுக்கு வரும் என்பார். அவருடைய மனைவி நகரமன்ற நூலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். வாய் திறந்து யாரையும் திட்டியதில்லை, விரலை உதட்டில் வைத்து ஒரு 'உஷ்', அவ்வளவுதான். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் உஷ்ஷம்மா.

நூலகத்தில் எங்கே பார்த்தாலும் உஷ்ஷம்மா கைப்பட எழுதிய அறிவிப்புகள் தொங்கும். வரிசையில் நிற்கவும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம். யாராவது மீறினால், "எழுதி வெச்சிருக்கிறது படிக்கிறதுக்குத்தானே?" என்று வருத்தமாகக் கேட்பார். வேறொருவர் எழுதி வைத்ததையும் அவர் மீறியதில்லை. புல்லில் நடக்காதே என்று போர்டு இருந்தால், புல் காய்ந்து மண்ணாய்ப் போன பிறகும் சுற்றிக்கொண்டுதான் வருவார்.

மாலை ஆறு மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிட்டு வாசலில் உள்ள மர பெஞ்சில் உட்காருவார். கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வர ஆறேகால், ஆறரை ஆகும். அதுவரை உஷ்ஷம்மாவின் துணிப்பை பக்கத்து இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது" என்பார். கண்ணாடிக்காரர் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். இருவரும் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு நடப்பார்கள். பிள்ளை குட்டி இல்லாத அந்தக் குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

உஷ்ஷம்மா ஓய்வு பெற்றதும் மன்றம் நூலகத்தை மூடியது. மூடிய இரண்டாம் வருடம் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு அடுப்பு, பிறகு தெருக்கள், கடைசியில் கண்ணாடிக்காரர். "சார், நூலகம் ஆறு மணிக்கு மூடிடும், சீக்கிரம் பாருங்க" என்று வீட்டு வரவேற்பறையில் வைத்து அவரிடமே சொன்ன அன்று கண்ணாடிக்காரர் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதார்.

ஆனால் இரண்டு விஷயம் போகவில்லை. ஒன்று, வாசிப்பு. எந்த போர்டைக் கண்டாலும் நின்று சத்தமாகப் படிப்பார், படித்தபடி நடப்பார். இன்னொன்று, பெஞ்சு. எந்நேரமானாலும் வீட்டை விட்டு நழுவினால் கால் நேராக அங்கேதான் போகும். கதவைப் பூட்டிப் பார்த்தார் கண்ணாடிக்காரர். உள்ளே அடித்துக்கொண்டு அழுததைத் தாங்க முடியாமல் திறந்துவிட்டார். போனால் போகட்டும், பெஞ்சில்தானே இருப்பாள்? கடையிலிருந்து எட்டு நிமிட நடை. பை பக்கத்தில் இருக்கும், பார்வை தெருவில் இருக்கும். ஒருமுறை கேட்டார்.

"யாருக்கும்மா இடம் பிடிச்சு வெச்சிருக்க?"

"ஆள் வருது."

"யாரு?"

உஷ்ஷம்மா தெருவைப் பார்த்தார். "தெரியாது. வருவாங்க."

அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடிக்காரர் பையை நகர்த்தி உட்கார்ந்தார். அவர் உட்காரும்போது மட்டும் உஷ்ஷம்மா ஒன்றும் சொல்லவில்லை.

இனி மூன்றாம் பக்கம். 'இருக்கைகளின் பருவ ஓய்வுத் திட்டம்' என்று தலைப்பு. மழையில் நனைந்து ஊறிப்போவதைத் தடுக்க, ஊரில் உள்ள நாற்பத்திரண்டு பொது இருக்கைகளும் மழைக்காலம் முடியும்வரை ஒழுகாத கூரையின் கீழ் பாதுகாக்கப்படும். ஊரில் ஒழுகாத கூரை ஒன்றே ஒன்றுதான், அது நூலகத்தின் கூரை.

கண்ணாடிக்காரர் மறுநாளே மன்றத்துக்கு ஓடினார். பருவகால அலுவலர் என்று ஒருவர் இருந்தார். நான்கு பருவத்துக்கும் ஒரே அலுவலர். மேசைமேல் பெயர்ப்பலகையை மட்டும் திருப்பி வைப்பார்.

"பெஞ்சுல என்ன குறை?" என்றார் அலுவலர்.

"குறை ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கு."

"குறை இல்லாம குறைதீர் மனு எப்படிங்க வாங்குறது?"

"அதை எடுத்துடாதீங்கன்னுதான் கேக்குறேன். இல்லாம போயிடுச்சுன்னா கஷ்டங்க."

"இன்னும் எடுக்கவே இல்லையே? இருக்கிற பெஞ்சை இல்லைன்னு மனு வாங்கினா நாளைக்கு என் தலை உருளும். எடுத்த பிறகு வாங்க, உக்காந்து பேசலாம்."

எடுத்த பிறகு மறுபடி மன்றத்துக்குப் போனார். பெஞ்சு இருந்த இடத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு நீள்சதுரம் போட்டு, ஒரு போர்டும் நட்டிருந்தார்கள்: 'இந்த இருக்கை பருவ ஓய்வில் உள்ளது. விரைவில் திரும்பும்.' நூலகத்தின் ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தால், புத்தக அலமாரிகள் இருந்த இடத்தில் நாற்பத்திரண்டு பெஞ்சுகளும் துணி போர்த்தி வரிசையாக நின்றன. போர்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.

உஷ்ஷம்மா அதற்குள் இரண்டு முறை தொலைந்துவிட்டார். போர்டைப் படித்தார், 'ஓய்வில் உள்ளது' என்பதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், பிறகு கால் போன போக்கில் போய்விட்டார். ஒருமுறை பேருந்து நிலையத்தில் கிடைத்தார். இன்னொரு முறை ஆற்றுப் பாலத்தில், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி.

மனுவில் அவர் எழுதியது இவ்வளவுதான்: 'என் மனைவிக்கு மறதி நோய். நூலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர். பெஞ்சு இல்லாததால் அங்கே நிற்காமல் எங்கெங்கோ போய்விடுகிறார். உதவ வேண்டும்.'

அலுவலர் அதைச் சிவப்பு மையால் அங்கங்கே அடிக்கோடிட்டு, ஒன்பது நாள் கழித்துக் குறைதீர் கூட்டத்துக்கு வரச் சொன்னார். "கண்டிப்பா தீர்வு உண்டுங்க. வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுக் கண்ணாடிக்காரர் மனசு குளிர்ந்து வீட்டுக்கு வந்தார். பாவம், நல்ல வார்த்தைக்கு ஏங்கிப்போன மனுஷன்.

அந்த ஒன்பது நாளும் அவர் கடை திறக்கவில்லை. பத்தாம் நாள் காலை உஷ்ஷம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம், "ஒரு மணி நேரத்துல வந்துடுவேன், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

கூட்டம் பத்து மணிக்கு. முதல் பொருள், போன கூட்டத்தில் நன்றியுரை ஆற்றியவருக்கு நன்றி தெரிவித்தல். இரண்டாவது, மழைக்காலத் தொடக்க விழாவில் வெயில் அடித்தது குறித்து வருத்தம் தெரிவித்தல். மூன்றாவதில் கூரை ஒழுக ஆரம்பித்தது. பணியாளர்கள் வாளிகளைக் கொண்டுவந்து அங்கங்கே வைத்தார்கள். ஒவ்வொரு வாளிக்கும் எண் இருந்தது. தலைவரின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அதைத் துடைக்காமல் எழுந்தார்.

"பாருங்க. நான் நனையறேன். நீங்க நனையறீங்க. ஆனா இந்த ஊர்ல ஒரு பெஞ்சாவது நனையுதா? சொல்லுங்க! மனுஷன் நனைஞ்சா துடைச்சுக்கலாம். மரம் நனைஞ்சா ஊறிடும். மன்றத்துக்கு எது முக்கியம்னு எங்களுக்குத் தெரியும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஏற்கெனவே பிளந்திருந்த கூரைதான்.

கண்ணாடிக்காரரின் முறை வந்தபோது பன்னிரண்டேகால். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். பேச விடவில்லை, அலுவலரே எழுந்துவிட்டார்.

"தலைவர் அவர்களே, இந்தக் குறை இன்னிக்குக் காலையில ஒன்பதரை மணிக்கே தீர்க்கப்பட்டுடுச்சு. மனுவை நான் நாலு தடவை படிச்சேன். இவரோட கவலை பெஞ்சு இல்ல. அந்த அம்மா அங்க நிக்காம வேற எங்கயாவது போயிடறாங்க, அதுதான் கவலை. அவங்க அங்கயே நிக்கணும், அவ்வளவுதானே? அதுக்கு எதுக்குங்க பெஞ்சு? போர்டுல ஒரே ஒரு வரி சேர்த்திருக்கோம். 'இங்கேயே காத்திருக்கவும்.'"

சபையில் ஒரு வியப்பு முணுமுணுப்பு எழுந்தது. "எளிமையான தீர்வு" என்றார் ஒரு உறுப்பினர். கண்ணாடிக்காரருக்கு அது தீர்வா இல்லையா என்று உடனே பிடிபடவில்லை. ஏதோ தன் மனுவை நான்கு தடவை படித்திருக்கிறார்களே என்று ஒரு கணம் நெகிழக்கூடச் செய்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு செய்தி மடலின் படக்காரர் வந்தார். கேமராவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவரின் முகம் மலர்ந்தது.

"சபைக்கு ஒரு நல்ல செய்தி. வரி சேர்த்து மூணு மணி நேரம்கூட ஆகல, திட்டம் பலன் குடுத்துடுச்சு. இந்தக் கொட்டுற மழையில ஒரு அம்மா நம்ம போர்டைப் படிச்சுட்டு, அசையாம, அந்த மஞ்சள் கோட்டுக்குள்ளயே நிக்கிறாங்களாம்! அடுத்த மடலோட அட்டைப் படம் இதுதான். மன்றத்தோட வார்த்தைக்கு மக்கள் குடுக்கிற மரியாதையைப் பாருங்க!"

எல்லாரும் தட்டினார்கள். சபை மரியாதைக்குக் கண்ணாடிக்காரரும் இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவது தட்டுக்குக் கை எழவில்லை.

"தம்பி," என்றார் படக்காரரைப் பார்த்து. "அந்த அம்மா கையில துணிப்பை ஏதாவது இருந்துச்சா?"

"கையில இல்ல சார். பக்கத்துல கீழ வெச்சிருந்தாங்க. ஃபிரேம்ல இடிக்குதுன்னு நான்தான் எடுக்கப் போனேன். விடல. ஆள் வருதுன்னு சொன்னாங்க."

கண்ணாடிக்காரர் வாளிகளைத் தட்டிவிட்டுக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். வாசலில் காவலாளி மறித்தார். மனு தீர்ந்தவர்கள் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் வெளியே போக முடியாது. அது மன்றத்தின் நடைமுறை. பேனா எழுதவில்லை. வேறு பேனா தேடினார்கள். "விடுங்கய்யா, என் பொண்டாட்டி மழையில நிக்கிறாய்யா" என்று அவர் கத்தினார். "அதான் சார், அவங்க நிக்கிறாங்கன்னுதான் திருப்தின்னு எழுதச் சொல்றோம்" என்றார் காவலாளி, மரியாதையாக. கண்ணாடிக்காரர் எழுதினார். ஆயுளில் அவர் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

தையல்காரம்மா பத்தரைக்கே எட்டிப் பார்த்திருக்கிறார். படுக்கையில் ஆளைக் காணோம். மடல் படிக்காத அவருக்குப் பெஞ்சை எடுத்துவிட்டது தெரியாது. வழக்கம்போல் பெஞ்சுக்குப் போயிருப்பாங்க, அவரும் மன்றத்திலிருந்து அந்த வழியாத்தானே வருவார், கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்து மெஷினில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவரும் பெஞ்சை நம்பிய ஆள்தான்.

உஷ்ஷம்மா மஞ்சள் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பத்தடி பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாற்பத்திரண்டு பெஞ்சுகள் துணி போர்த்திக்கொண்டு கதகதப்பாக இருந்தன. கண்ணாடிக்காரர் சட்டையைக் கழற்றி அவர் தலையில் போர்த்தினார்.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

உஷ்ஷம்மா போர்டைக் காட்டினார். "காத்திருக்கவும்னு போட்டிருக்கு சார்."

"நான் வந்துட்டேன். நான்தாம்மா அந்த ஆளு."

"எழுதி வெச்சிருக்கிறது படிக்கிறதுக்குத்தானே?" என்றார் உஷ்ஷம்மா, பல் கிடுகிடுக்க, பழைய வருத்தத்தோடு.

கண்ணாடிக்காரர் போர்டைப் பிடுங்கப் பார்த்தார். மன்றம் நட்டதிலேயே உறுதியாக நட்டது அது ஒன்றுதான் போலிருக்கிறது, அசையவில்லை. கடைசியில் போர்டுக்கும் உஷ்ஷம்மாவுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எழுத்து மறைந்த பிறகுதான் உஷ்ஷம்மா கால் எடுத்து வைத்தார்.

சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். நான்காம் நாள் கண்ணாடிக்காரர் மருந்து வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது நர்ஸ் வாசலில் சிரித்தபடி நின்றார்.

"நீங்கதானா அந்த ஆளு? கட்டில் பக்கத்து ஸ்டூலை எடுக்கவே விட மாட்டேங்கிறாங்க. ஆள் வருது, ஆள் வருதுங்கிறாங்க."

ஸ்டூலில் துணிப்பை இருந்தது. கண்ணாடிக்காரர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உஷ்ஷம்மா அவரைப் பார்த்தார், யார் என்று கேட்கவில்லை, ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் கதவிடுக்கில் மடல் வந்தது. அட்டையில் உஷ்ஷம்மா. முடி நெற்றியில் ஒட்டியிருக்க, கண் தெருவையே பார்த்துக்கொண்டிருக்க, வழவழ காகிதத்தில். கீழே, 'காத்திருக்கத் தெரிந்த குடிமக்கள், காப்பாற்றத் தெரிந்த மன்றம். இந்தப் பருவத்தில் ஒரு இருக்கைகூட நனையவில்லை' என்று போட்டிருந்தது. கண்ணாடிக்காரர் அதைக் கிழித்துப் போட நினைத்தார். கை வரவில்லை. அவரிடம் இருந்த மற்ற படங்கள் எல்லாம் பழசு. அவளுடைய கடைசிப் படம் இதுதான். கத்தரிக்கோலால் எழுத்துகளை மட்டும் கவனமாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சட்டம் போட்டு மாட்டினார்.

மழைக்காலம் முறைப்படி நிறைவு செய்யப்பட்டது. பெஞ்சுகள் திரும்பும் விழா நூலக வாசலில் என்று முடிவானது. கண்ணாடிக்காரருக்கும் அழைப்பு வந்தது. 'திருப்தியடைந்த மனுதாரர்' என்று உறையில் எழுதியிருந்தது. தையல்காரம்மா, "போகாதீங்கண்ணே, வயிறெரியும்" என்றார். அவர் போனார். கையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

பெஞ்சுக்கு மாலை போட்டிருந்தார்கள். தலைவர் பேசினார். "விரைவில் திரும்பும்னு சொன்னோம். திரும்பிடுச்சா இல்லையா? காத்திருந்தவங்களை இந்த மன்றம் ஒருநாளும் கைவிட்டதில்ல!" பிறகு, மனுக் கொடுத்தவரே முதலில் உட்கார வேண்டும் என்று பெருந்தன்மையோடு கையை நீட்டினார்.

கண்ணாடிக்காரர் போய் உட்கார்ந்தார். இடது ஓரத்தில், எப்போதும் உட்காரும் இடத்தில். பக்கத்தில் துணிப்பையை வைத்தார். கூட்டம் தட்டியது. தலைவர் தாமும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தார்.

"ஐயா, அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க."

கண்ணாடிக்காரர் பைமேல் கையை வைத்தார். "ஆள் வருது" என்றார்.

தலைவர் சிரித்தார். "யாரு? யாரு வரணும்?"

"தெரியாதுங்க. வருவாங்க."

கேமராவைக் கண்ணில் வைத்திருந்த படக்காரர் அதைக் கீழே இறக்கினார். தலைவர் நின்றபடியே, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். கண்ணாடிக்காரர், இன்னும் பிடுங்கப்படாமல் நின்றுகொண்டிருந்த போர்டை மட்டும் விரலால் காட்டிவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.